இடுப்பு வலியும் வைத்தியச் செலவும்

(தலவாக்கலையில் நடந்த தோட்ட மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இடுப்பு வலி இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்தான் தூக்குகிறார்கள்.

என் அம்மாவும் கொழுந்து எடுப்பவர்தான். 2024 கடைசியில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "எலும்பு விலகியிருக்கு, தட்டினால் சரியாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிப்போனோம். ஒரு தடவைக்கு 2,500 ரூபாய். ஆறு தடவை போனோம். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபாய். சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழித்தால் கைக்கு 1,242. ஆறு நாள் பேரும் இல்லாமல் போனது. கூட்டினால் 22,000 ரூபாய்க்கு மேல். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. வலி போகவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எனக்கே விசாரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

முதுகெலும்பைக் கையால் அழுத்தித் தட்டும் இந்த முறைக்கு கைரோபிராக்டிக் என்று பெயர். 1895இல் அமெரிக்காவில் தொடங்கியது. நம் பக்கத்தில் சுளுக்கெடுப்பதும் முறிவு நெரிவு வைத்தியமும் இருக்கின்றன. இவற்றால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முதுகைக் கையால் அழுத்திவிடுவதும் உருவுவதும் அதில் உண்டு. ஆனால் உடற்பயிற்சியும் அதில் உண்டு. இடுப்புப் பட்டி கட்டுவதை அது சிபாரிசு செய்யவில்லை.

அந்தப் பயிற்சியை நாம் காசு கொடுத்துக் கற்கத் தேவையில்லை. இந்த நாட்டில் அரசாங்க வைத்தியம் இலவசம். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவுக்கு அங்கேதான் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். காலையும் மாலையும் காம்பராவில் பாயை விரித்துச் செய்தார். இரண்டு மாதத்தில் குனிந்து நிமிர முடிந்தது.

ஒன்றை மறக்காதீர்கள். கால் பலமிழந்தால், தொடையிடுக்கு மரத்துப்போனால், சிறுநீர் அடைத்தால் அல்லது கட்டுப்படாமல் போனால், யாரையும் தட்ட விடாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலையில் வழுக்கி விழுந்தால் அன்றைக்கே கங்காணியிடமும் ஆபீசிலும் சொல்லிப் பதியுங்கள். டிஸ்பென்சரித் துண்டில் "வேலையில் விழுந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். வேலையில் ஏற்படும் விபத்துக்கு நட்டஈடு கேட்கும் சட்டம் 1934 முதல் இருக்கிறது. ஆனால் பதிவு இல்லாமல் போய் நின்றால் பேச்சு எடுபடாது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றால் ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் உதவி கேட்கலாம். படிவம் நிரப்ப நான் இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பயிற்சி செய்துவிட்டு மறுபடியும் அதே பாரத்தை நெற்றியில் மாட்டினால் வலி திரும்பத்தான் வரும். அம்மாவுக்கும் இப்போது திரும்பியிருக்கிறது. வயதால் வந்தது என்று சொல்லி நம் வாயை நாமே அடைக்க வேண்டாம். கூடை நிறைவதற்கு முன்பே நிறுக்க வேண்டும். நிறுக்கும் இடம் மலைக்குக் கிட்ட இருக்க வேண்டும். உடைந்த படிகளைக் கட்டித்தர வேண்டும். துரையிடம் கொடுக்கும் மனுவில் இந்த மூன்றும்தான் இருக்கின்றன. மனு தலைவரின் மேசையில் இருக்கிறது. போகும்போது ஒவ்வொருவரும் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள்.