நெஞ்சுப் பட்டையை நல்ல தண்ணியில் அலசுங்க

(கடலூர் முதுநகரில் காலை நடைப்பயிற்சி செய்வோரிடையே, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நடந்து முடிச்ச களைப்போட உட்கார்ந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

நம்ம கூட்டத்தில் இப்போ பலபேர் நெஞ்சில் ஒரு பெல்ட் கட்டிக்கொண்டு நடக்கிறீர்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பியது, மகள் ஆன்லைனில் ஆர்டர் போட்டது என்று ஆளுக்கொரு கதை. அது இதயத் துடிப்பை எண்ணி, புளூடூத் வழியாக உங்கள் போனுக்கு அனுப்புகிறது. நல்ல கருவிதான். ஆனால் கழுவாத பெல்ட் பொய் சொல்லும். அந்தப் பொய்யால் என் நண்பர் ஒருவர் போகவிருந்தார். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன்.

அவருக்கு வயது 58. ஸ்டென்ட் வைத்தவர். நடக்கும்போது துடிப்பு 110-ஐத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒருநாள் போனில் 185 என்று காட்டியது. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாங்கியதிலிருந்து ஒருநாளும் அலசவில்லையாம். அதற்குப் பிறகு அதே மாதிரி இரண்டு மூன்று தடவை ஆனது. "சார், உங்க பெல்ட்டுக்குத்தான் ஹார்ட் ப்ராப்ளம்" என்று நானே கிண்டல் செய்தேன்.

ஒரு மாதம் கழித்து, நடக்கும்போது மறுபடியும் 170 என்று காட்டியது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். தொடர்ந்து நடந்தோம். வழியில் மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாதான் நிறுத்தினார். "அண்ணே, இவரு மொகமே சரியில்ல, இப்படி வேர்த்துக் கொட்டுது, ஒக்கார வைங்க" என்றார். கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. நாடி தாறுமாறாக ஓடியது. 108-ஐக் கூப்பிட்டோம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தார். அன்றைக்கு மட்டும் பெல்ட் உண்மையைச் சொன்னது. ஏற்கெனவே பலதடவை பொய் சொல்லியிருந்ததால் நாங்கள் நம்பவில்லை.

இதில் பெல்ட்டின் தப்பு கொஞ்சம்தான், எங்கள் தப்பு அதிகம். அதைத் திருத்திக்கொள்ள நான் கற்றுக்கொண்டதை உங்களிடம் சொல்கிறேன்.

பெல்ட் எப்படி வேலை செய்கிறது?

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச், தோலுக்குள் வெளிச்சம் அடித்து இரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. நெஞ்சுப் பட்டை அப்படியல்ல. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உண்டாகும் மிகச் சிறிய மின்சாரத்தைத் தோலிலிருந்து பிடிக்கிறது. ஈ.சி.ஜி. எடுப்பதும் இதே அடிப்படையில்தான். பட்டையின் உள்பக்கம் இரண்டு இடத்தில் வழவழப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும் பகுதிதான் மின்முனை. நடுவில் பட்டன் போல மாட்டியிருப்பது சென்சார்.

உலர்ந்த தோலில் மின்சாரம் சரியாகக் கடத்தப்படாது, ஈரம் வேண்டும். ஈ.சி.ஜி. கருவியை உருவாக்கிய நெதர்லாந்து விஞ்ஞானி ஐன்தோவன், 1924-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றவர். அவர் காலத்தில் நோயாளியின் இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைக்கச் சொல்லித்தான் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பிறகு 1977-இல் பின்லாந்தில் தொடங்கிய போலார் நிறுவனம், 1982-இல் கம்பியில்லாத துடிப்புமானியை விளையாட்டு வீரர்களுக்காகக் கொண்டுவந்தது. இன்றைக்கு நம் நெஞ்சில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

அப்போ உப்பு நல்லதுதானே என்று கேட்பீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் வரை நல்லது. காய்ந்து படிந்தால் கெட்டது. முதுநகர்க்காரங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போய்வந்த போட் இன்ஜினை நல்ல தண்ணி விட்டு ஓட்டாமல் வைத்தால் என்ன ஆகும்? இரும்பை உப்பு தின்றுவிடும். பெல்ட்டிலும் அதேதான். வியர்வை காய்ந்ததும் உப்பும், உடம்பு எண்ணெயும், அழுக்கும் சேர்ந்து மின்முனை மேல் ஒரு தோலாகப் படிகிறது. அப்புறம் தொடர்பு விட்டு விட்டு வரும். எண் சட்டென்று ஏறும், அல்லது ஒரே இடத்தில் நின்றுவிடும். சென்சார் மாட்டும் உலோகப் பட்டனும் களிம்பேறிப் போகும்.

தினமும் செய்ய வேண்டியது

முதலில், கட்டுவதற்கு முன் மின்முனையை நல்ல தண்ணீரால் நனையுங்கள். நெஞ்செலும்புக்குக் கீழே, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாகக் கட்டுங்கள். நெஞ்சில் தேங்காய் எண்ணெய், தைலம், பவுடர், சந்தனம் இருந்தால் துடைத்துவிடுங்கள். பவுடரும் எண்ணெயும் தோலுக்கும் மின்முனைக்கும் நடுவில் தடுப்புச் சுவர் மாதிரி நிற்கும்.

இரண்டாவது, நடை முடிந்ததும் சென்சாரைக் கழற்றிவிடுங்கள். இதைத்தான் பலபேர் செய்வதில்லை. ஈரப் பட்டையிலேயே மாட்டி வைத்தால், இன்னும் நெஞ்சில்தான் இருக்கிறோம் என்று நினைத்து அது வேலை செய்துகொண்டே இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். "நேத்துதான் பேட்டரி மாத்தினேன், அதுக்குள்ள போச்சு" என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, பட்டையைக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். நம்ம ஏரியாவில் சில இடங்களில் போர் தண்ணீரே உப்பு. உப்புத் தண்ணீரில் அலசினால் உப்பு எப்படிப் போகும்? குடிதண்ணீர் ஒரு சொம்பு போதும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் பெல்ட்டோடு கடலில் இறங்கினவர்கள் வீட்டுக்குப் போனதும் கட்டாயம் அலச வேண்டும்.

நான்காவது, பிழிந்து முறுக்காதீர்கள். துண்டில் ஒற்றி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்கூட்டர் பெட்டியில் வைப்பது ரொம்பத் தப்பு. நாற்றமும் வரும், பட்டனும் களிம்பேறும்.

வாரம் ஒருமுறை

வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு கொஞ்சம் கலந்து, கையாலேயே தேய்த்துக் கழுவுங்கள். மின்முனை மேல் பிரஷ் போட்டு உரசாதீர்கள். சோப்பு துளியும் மிஞ்சாமல் அலசுங்கள். மிஞ்சின சோப்பும் படலமாகத்தான் நிற்கும், தோலும் அரிக்கும்.

பிளீச்சிங் வேண்டாம். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். சானிடைசர் ஊற்றித் துடைக்க வேண்டாம். இஸ்திரி போட வேண்டாம். வாஷிங் மெஷினில் போடலாமா என்பது பிராண்டைப் பொறுத்தது, பெட்டியோடு வந்த சீட்டைப் படித்துப் பார்த்துச் செய்யுங்கள். எதுவானாலும் சென்சாரை மெஷினில் போடவே கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

அக்னி நட்சத்திர வெயிலில் பெல்ட் படும் இடத்தில் வேர்க்குரு வந்தால் ஆறும்வரை கட்டாதீர்கள். ஒருவர் பெல்ட்டை இன்னொருவர் மாற்றிக் கட்டிக்கொள்வதும் வேண்டாம்.

பேட்டரி: பேரப்பிள்ளைகள் பத்திரம்

நிறைய மாடல்களில் சி.ஆர். 2032 அல்லது சி.ஆர். 2025 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான் இருக்கும். மாற்றும்போது மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அது விலகினால் வியர்வை உள்ளே போய் சென்சாரே வீணாகிவிடும். கூட்டல் குறி எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துப் போடுங்கள்.

பழைய பட்டன் பேட்டரியை மேசை மேல் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால், தொண்டையிலோ உணவுக்குழாயிலோ சிக்கி 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். தீர்ந்துபோன பேட்டரியும் அப்படிச் செய்யும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாற்றிய பேட்டரியை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி மூடி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

எண் தப்பாக வந்தால்

பட்டையை நனைத்து, இறுக்கிப் பாருங்கள். சரியாகவில்லையா, கழுவிக் காயவைத்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லையா, பேட்டரியை மாற்றுங்கள். அதன் பிறகும் தாறுமாறாக ஓடினால் பட்டையின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். பல பிராண்டுகளில் பட்டை மட்டும் தனியாகக் கிடைக்கும், சென்சாரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. போனில் பெல்ட்டே தெரியவில்லை என்றால், அது ஏற்கெனவே வீட்டில் வேறொரு போனோடு இணைந்திருக்கிறதா பாருங்கள். சில மாடல்கள் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். அதற்கான செயலியை முறையான ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள்.

வாரண்டி இருந்தும் கடைக்காரர் கையை விரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள், போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

பெல்ட்டுக்கு மேலே இரண்டு விரல்

இவ்வளவும் செய்தாலும் பெல்ட் ஒரு பெல்ட்தான். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். சீராக இல்லாமல் விட்டு விட்டு அடித்தால் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இதற்குக் காசும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். இன்றைக்கே வீட்டில் கணவன் மனைவி இருவரும் பழகிக்கொள்ளுங்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பொருந்தாது. உங்கள் எல்லை எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நெஞ்சுப் பட்டை கட்டவே வேண்டாம்.

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், சில்லென்று வியர்வை, தலைசுற்றல். இதில் எது வந்தாலும் போனைப் பார்த்து எண் சரிபார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில், 2023 ஜூன் முதல், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலையம் எது என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீடு தேடி வருவது 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில். அந்தச் சகோதரிகள் வரும்போது கதவைத் திறந்து, சோதனை செய்துகொள்ளுங்கள்.

என் நண்பர் இப்போது மெதுவாக நடக்கத் தொடங்கிவிட்டார். புது பெல்ட். தினமும் நடந்து வந்ததும் முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணியில் அலசி, கொடியில் தொங்கவிடுகிறார். எண் ஏறினால் நான் இப்போது சிரிப்பதில்லை. நின்று, முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன், பிறகு நாடியைப் பிடிக்கிறேன், அதற்கப்புறம்தான் பெல்ட்டைப் பார்க்கிறேன். நீங்களும் கூட நடக்கிறவரிடம் அப்படியே செய்யுங்க.

இன்றைக்குக் கட்டி வந்தவங்க எல்லாரும், வீட்டுக்குப் போனதும் காபிக்கு முன்னாடி அலசிடுங்க.