மணலின் சூட்டைத் தணிப்போம்

பத்து காஜா பக்கத்து ஈய லம்ப மணலை நாம் எல்லோரும் மிதித்திருக்கிறோம். தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் 1982-இல் வேலையை நிறுத்திவிட்டது. அத்தகைய கப்பல்கள் கழித்துக் கொட்டிய மணல் மட்டும் இன்னும் கிடக்கிறது. அதில் கம்பு விதைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என்ன உரம் போடலாம்?" என்பதுதான். உரம் இருக்கட்டும், முதலில் சூட்டைப் பார்ப்போம்.

உச்சி வெயிலில் வெறும் மணலின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். கம்பு விதைக்கு ஏற்ற சூடு ஏறக்குறைய 33 பாகை. 45-ஐத் தாண்டினால் முளைப்பதே அரிது. தப்பி முளைத்த நாற்றும் தரைமட்டத்தில் வெந்து சாய்கிறது. நாமோ விதை சொத்தை என்று கடைக்காரரைத் திட்டுகிறோம்!

இதற்கு வழி நமக்குத் தெரியாததல்ல. இளம் ரப்பர் மரங்களுக்கிடையே புவேரேரியா, சென்ட்ரோசீமா கொடிகளைப் படரவிட்டது ஏன்? மண் கரையக்கூடாது, தரை குளிர்ந்திருக்க வேண்டும், தழைச்சத்தும் சேர வேண்டும் என்பதற்காகத்தானே? அந்தக் கொடிகளைப் பேணியவர்கள் நம் பெற்றோர்கள்.

கம்புக்குக் கொடி வேண்டாம், ஏறி அமுக்கிவிடும். லாலான் புல்லை விதை பிடிப்பதற்கு முன் அறுத்து, காயவைத்து, வரிசைகளுக்கு நடுவே நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். வேர்க்கிழங்கு ஒன்றுகூட வந்துவிடக்கூடாது, பிறகு லாலான் காடுதான்! விதை விழும் வரிசையைத் திறந்தே விடுங்கள். மாலையில் நீர் தெளித்து, ஒரு விரற்கடை ஆழத்தில் விதையுங்கள்.

ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டு மஜ்ஜியா பள்ளத்தாக்கில் 1975 முதல் நம் வேப்பமரத்தையே இரட்டை வரிசையாக நட்டுக் காற்றைத் தடுத்தார்கள். மரங்கள் நிலத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டபோதிலும் கம்பு விளைச்சல் கூடியது. அங்கே வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சும். மணலை வாரி நாற்றை மூடும்.

அதைப் பார்த்து நாமும் சுற்றிலும் வேலி அடைக்கலாமா? கூடாது. பேராக்கில் மழை அதிகம். கதிர் பூக்கும் சமயத்தில் ஈரக்காற்று தேங்கினால் தேன்ஒழுகல் நோய் தாக்கும். மணியிலும் பூசணம் பிடிக்கும். ஆகவே நாற்றுக்குத் தரையில் மூடாக்கு, கதிருக்குத் தாராளமான காற்று. வரிசைக்கு வரிசை இரண்டு முழ இடைவெளி நம் ஊருக்குப் பொருந்தும். பால்மர நிழலில் விதைக்க வேண்டாம். கம்புக்கு முழு வெயில் வேண்டும்.

மூடாக்கு தண்டில் ஒட்டாதபடி நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும். கதிர் முற்றியதும் குருவி விரட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம்.