மொட்டை மாடியில் மென்படலம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

என்னோடு மெஸ்ஸில் கெட்டிச் சட்னிக்குச் சண்டை போட்ட 2010 பேட்ச் நண்பர்களே!

"தின் ஃபிலிம் சோலார்னு சொல்றாங்களே, அதை வீட்டுக்குப் போடலாமா?" என்று போன கூட்டத்தில் பந்தியிலேயே நாலு பேர் கேட்டார்கள். செயலாளர் அண்ணன், "அதையே மேடையில பேசிடுப்பா" என்று மாட்டிவிட்டார். பேசுகிறேன். ஆனால் நான் செய்த தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டு மின்வெட்டு உங்களுக்கு மறந்திருக்காது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கிடையாது. திண்டுக்கல்லில் எங்கள் அப்பா, ரிட்டையரான பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, "நீதான் இன்ஜினியர். நல்லதாப் பார்த்துப் போடு" என்றார். வாட்டுக்கு என்ன விலை என்ற ஒரே கணக்கைப் பார்த்து, அமார்பஸ் சிலிக்கன் மென்படலப் பேனல் எட்டு வாங்கினேன். ஒன்று 75 வாட். மொத்தம் 600 வாட். கூட பேட்டரி. என் பேச்சை நம்பி அடுத்த வீட்டு மாமாவும் அதையே போட்டார்.

முதல் மாதம் அமர்க்களம். மூன்றாம் மாதம் ராத்திரி பதினொரு மணிக்கே ஃபேன் நின்றது.

காரணம் புதிதல்ல. அமார்பஸ் சிலிக்கன் வெயில் பட்ட முதல் சில மாதங்களில் தன் திறனில் பத்து முதல் முப்பது சதவீதம் வரை இழந்து, அதன் பிறகே நிலைப்படும். ஸ்டேப்ளர், ரான்ஸ்கி என்ற இருவர் 1977-லேயே இதை வெளியிட்டார்கள். மூன்றாம் ஆண்டில் நம் சார் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிய பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். அப்பா பணத்தை எடுத்து நீட்டியபோது மறந்துபோனேன்.

இரண்டாவது, இடம். அந்தப் பேனல்களின் திறன் ஏழு சதவீதம் போல. 600 வாட்டுக்கு ஒன்பது சதுர மீட்டர் போயிற்று. அன்றைய படிக சிலிக்கன் பேனலுக்கு அதில் பாதி போதும். அம்மா வத்தல் காயப்போடும் இடம் முழுக்க என் பேனல்.

மூன்றாவது, சில வருடத்தில் ஒரு பேனலின் கண்ணாடி விரிந்தது. விற்ற கம்பெனி மூடியிருந்தது. அந்த வகைப் பேனலுக்கு வோல்டேஜ் அதிகம். கடையில் கிடைக்கும் வேறு பேனலை நடுவில் சேர்க்க முடியாது. மாமாவிடம் போய் விளக்கினேன். "பரவாயில்லை தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அப்படியானால் மென்படலம் மோசமா? இல்லை. சாதாரண சிலிக்கன் பேனலில் உள்ள வில்லையின் கனம் ஏறக்குறைய 150 மைக்ரான். இதில் சில மைக்ரான் போதும். வெயிலில் பேனல் சூடேறினால் உற்பத்தி குறையும்; அந்த இழப்பும் மென்படலத்தில் குறைவு. காட்மியம் டெல்லூரைடு என்ற வகை இன்று பதினெட்டு, பத்தொன்பது சதவீதம் வரை தருகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறந்த ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்கு அதைத் தயாரிக்கும் திறன் கொண்டது. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் ஏக்கர் கணக்கில் விரியும் மின் நிலையங்களுக்கு. கண்ணாடிப் பாரம் தாங்காத தகரக் கூரைக்கு, வளையும் மென்படலம் பொருத்தமாக இருக்கலாம்.

நம்மைப் போல் சின்ன மொட்டை மாடி உள்ளவர்களுக்கு இன்று படிக சிலிக்கன்தான் சரி. 2008 வாக்கில் சிலிக்கன் விலை ஏறிக் கிடந்ததால் மென்படலத்துக்கு மவுசு வந்தது. பிறகு சிலிக்கன் விலை சரிந்தது. அந்த மவுசும் போயிற்று. இப்போது நடக்கும் வழியையும் சேர்த்து, கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி ஒதுக்கினால் போதும். சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். 2024-இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டம், ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று மானியம் அறிவித்தது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்தால், கரண்ட் போகும்போது சோலாரும் நின்றுவிடும்.

வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். சதுர அடிக்கு எத்தனை வாட்? ஒரு பேனல் உடைந்தால் மாற்று கிடைக்குமா? இருபத்தைந்து வருட உத்தரவாதம் தருகிற கம்பெனி, அதுவரை இருக்குமா?

போன வருடம் இரண்டு வீட்டிலும் மாற்றினேன். 540 வாட்டில் இரண்டே பேனல். பழைய இடத்தில் பாதிக்குச் சற்று மேல். மாமா வீட்டுச் செலவில் பாதி என்னுடையது. அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை. அம்மாவின் வத்தல் மறுபடி மாடி ஏறிவிட்டது.

நண்பர்களே, தெருவில் நம்மை நம்பித்தான் நாலு பேர் பணம் போடுகிறார்கள். "இன்ஜினியர் தம்பி சொன்னாரு" என்கிற வார்த்தை, நாம் வரைபடத்தில் போடும் கையெழுத்துக்குச் சமம். கணக்கை முழுசாகப் போட்டுவிட்டுச் சொல்வோம்.