கறுவா: கறிக்கும் மருந்துக்கும் நடுவே



கறுவா இலங்கை மண்ணுக்குரிய மரம். காலி, மாத்தறைப் பக்கங்களில் அதன் உட்பட்டையை உரித்துச் சுருட்டி உலர்த்துகிறார்கள். ஒரு தேக்கரண்டித் தூளில் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் நார்ச்சத்தும், சிறிது கல்சியமும் மங்கனீசும் உண்டு. கறிக்கு நாம் இடும் அளவில் இவை சொற்பமே. அதன் சிறப்பு எண்ணெயில் இருக்கிறது. பட்டை எண்ணெயில் சின்னமல்டிகைட் மிகுதி. இலை எண்ணெயில், கராம்பில் உள்ள அதே யூஜினோல் மிகுதி. ஆய்வுகூடத்தில் இவை பல பற்றீரியாக்களையும் பூஞ்சணங்களையும் வளரவிடாமல் தடுக்கின்றன.

என்னோடு விடுதியில் இருந்த தோழி ஒருத்தி, நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கறுவாத் தண்ணீர் குடித்துவந்தாள். காலில் புண் வந்தபோது கறுவாத்தூளைத் தேனில் குழைத்துப் பூசினாள். வைத்தியரிடம் போகப் பிந்திவிட்டது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. “கிருமியைக் கொல்லும் என்றுதானே நீயும் சொன்னாய்?” என்று கேட்டாள். விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு அன்று பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

ஆய்வுகூடத்தில் எண்ணெய் நேரே கிருமியில் படுகிறது. நாம் உண்ணும் தூளில் எண்ணெய் மிகக் குறைவு. உடம்புக்குள் சென்ற சின்னமல்டிகைட்டும் விரைவில் சின்னமிக் அமிலமாக மாறிவிடும். புண்ணில் பூசும் தூளோ கிருமி நீக்கியதல்ல. நீரிழிவுக் காலில் இரத்தோட்டமும் உணர்ச்சியும் குறைந்திருக்கலாம். அங்கே ஒவ்வொரு நாளும் முக்கியம்.

வெளிநாட்டிலுள்ள சகோதரிகளுக்கு இன்னொன்று. அங்கே கறுவா என்று விற்பது பெரும்பாலும் காசியா என்ற வேறு மரத்தின் பட்டை. அதில் கூமரின் அதிகம். அளவு மிஞ்சினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். ஐரோப்பாவில் விதித்த எல்லை, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ நிறையுள்ளவருக்கு ஒரு தேக்கரண்டி காசியாத் தூளே இதைத் தாண்டக்கூடும். நம் கறுவாவில் கூமரின் மிகச் சிறிதளவே. தூளாக்கினால் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆகவே பட்டையாக வாங்குங்கள். மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டு, கையால் நொறுங்கினால் அது நம்முடையது. தடித்த ஒற்றைப் பட்டையானால் காசியா.

கறுவாவைக் கறிக்கு இடுங்கள், தேநீரிலும் போடுங்கள். மாத்திரையை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். என் தோழியும் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். இதைச் சொல்லச் சொன்னவள் அவள்தான்.