விசித்திர விமானங்களும் விகாரப் புணர்ச்சியும்



இலக்கியம் பேசவேண்டிய நேரத்தில் விமானம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் உங்களிற் சிலர் வானொலியின் குமிழைத் திருக எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்ட விடயம் இரசனை சார்ந்தது. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பது மனத்தை உறுத்துகிறது. அதே பொருள் எவ்வளவு நுட்பமாகச் சிந்திக்கப்பட்டது என்பது மனத்தைக் கவர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இரசிகன் எங்கே நிற்பது என்ற கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்.

படைத்துறைகளின் தேவைக்கெனப் பரீட்சார்த்தமாகச் செய்யப்பட்ட விமானங்கள் பல உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மட்டுமே செய்யப்பட்டு, சில தடவைகள் பறந்து, பின்னர் கைவிடப்பட்டவை. வாலில்லாதவை, தட்டுப்போல் வட்டமானவை, ஒருபக்கம் மட்டும் கண்ணாடிக் கூடு வைத்தவை என அவற்றின் உருவங்கள் பலவகை. இவற்றின் படங்களைச் சேர்ப்பவர்களும், மாதிரியுருக்களைச் செய்து அலுமாரியில் அடுக்குபவர்களும், வரலாற்றைத் தேடித்தேடி வாசிப்பவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். நானும் அவர்களுள் ஒருவன்.

இந்த விமானங்களை முதன்முதலிற் பார்ப்பவர்கள் "என்ன விகாரமான உருவம்!" என்பார்கள். பேச்சுவழக்கில் விகாரம் என்றால் அவலட்சணம். இலக்கணத்தில் அப்படியில்லை. இரண்டு சொற்கள் சேரும்போது ஏற்படும் மாற்றமே அங்கு விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். வாழைப்பழத்திலே ஓரெழுத்துப் புதிதாகத் தோன்றுகிறது. பொற்குடத்திலே ஓரெழுத்து வேறொன்றாகத் திரிகிறது. மரவேரிலே ஓரெழுத்துக் கெட்டு மறைகிறது. மாற்றம் சும்மா நிகழ்வதில்லை; வந்து சேரும் சொல் அதை வேண்டி நிற்கிறது. விசித்திர விமானங்களையும் நான் இந்தக் கண்கொண்டே பார்க்கிறேன். ஏதோவொரு தேவை வந்து மோதியதால் வழமையான உருவம் மாறியிருக்கிறது. அந்தத் தேவையைக் கண்டுபிடித்துவிட்டால் அவலட்சணம் மறைந்து, அதன் பின்னாலுள்ள சிந்தனை தெரியத் தொடங்கும்.

தோன்றலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவிடம் பி-36 என்ற மிகப்பெரிய குண்டுவீச்சு விமானம் இருந்தது. அது செல்லக்கூடிய தூரத்துக்குத் துணையாகச் செல்லவல்ல சிறிய போர் விமானம் அன்று இல்லை. அப்படியானால் துணையைத் தன் வயிற்றிலேயே சுமந்து சென்றால் என்ன என்று யோசித்தார்கள். மக்டொனல் நிறுவனம் எக்ஸ்.எப்.-85 என்ற விமானத்தைச் செய்தது. கொப்லின், அதாவது குட்டிச்சாத்தான், என்பது அதற்கு இடப்பட்ட பெயர். நீளம் 15 அடிக்கும் சற்றுக் குறைவு. இறக்கைகள் மடிந்துகொள்ளும். தரையிறங்கச் சில்லுகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக மூக்கின் மேலே ஒரு கொளுக்கி தோன்றியது. தாய் விமானம் கீழே இறக்கும் சட்டத்தில் அந்தக் கொளுக்கியை மாட்டிக்கொண்டு வயிற்றுக்குள் திரும்பவேண்டும்.

1948 ஓகஸ்ட் 23ஆந் திகதி முதன்முறையாக அதைத் தனியே பறக்கவிட்டார்கள். பரீட்சையில் தாயாக இருந்தது ஒரு பி-29 விமானம். திரும்பி வந்து கொளுக்கியை மாட்ட முயன்றபோது சிறிய விமானம் சட்டத்தில் மோதியது. விமானியின் தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடி நொறுங்கியது. எட்வின் ஷொக் என்ற அந்த விமானி, அவசரத்துக்கென அடிவயிற்றில் வைத்திருந்த சறுக்குத் தகட்டின் துணையோடு வறண்ட ஏரிப்படுக்கையில் இறக்கி உயிர்தப்பினார். பெரிய விமானத்தின் கீழே காற்றுக் கொந்தளித்தமையே காரணம். மொத்தம் ஏழு தடவைகள் அந்த விமானம் தனியே பறந்தது. அவற்றுள் மூன்று தடவைகள் மட்டுமே கொளுக்கி சரியாக மாட்டியது. பறந்த நேரம் எல்லாம் கூட்டினால் இரண்டேகால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 1949இல் திட்டம் கைவிடப்பட்டது. பறக்கும்போதே எரிபொருள் நிரப்பும் முறை வளர்ந்தபின்னர் அந்தக் கொளுக்கிக்குத் தேவையே இல்லாமற் போயிற்று.

திரிதலுக்கு இரண்டு உதாரணங்கள். ஜேர்மனியில் றிச்சார்ட் வோக்ட் என்ற வடிவமைப்பாளர் ஒரு வேவு விமானம் செய்ய முனைந்தார். ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் முன்னே இருக்கும். அது பார்வையை மறைக்கும். வேவு பார்ப்பவனுக்கோ பார்வைதான் பிரதானம். வோக்ட் எஞ்சினையும் வாலையும் ஒரு தண்டிலே வைத்தார். ஆட்கள் இருக்கும் கண்ணாடிக் கூட்டைத் தனியே பிரித்து வலதுபக்க இறக்கையின்மீது வைத்தார். நடுவென்று சொல்ல எதுவும் இல்லாத விமானம் அது. பிற்பட்ட வடிவத்தில், பின்னால் இருக்கும் துப்பாக்கி வீரனுக்குப் பார்வை மறைகிறது என்று வாலின் வலதுபக்கத்தையும் ஏறத்தாழ முழுதாக நீக்கிவிட்டார். விழுந்துவிடும் என்றுதான் பார்ப்பவர் எண்ணுவர். ஆனால் புரொப்பெலர் விசிறியின் சுழற்சி எப்போதும் விமானத்தை ஒருபக்கம் திருப்ப முயலும். ஒருபக்கக் கூட்டின் பாரமும் காற்றுத்தடையும் அதற்கு ஈடுகொடுத்தன. பி.வி.-141 என்ற அந்த விமானம் 1938 பெப்ரவரியில் பறந்தது, நன்றாகவே பறந்தது. எனினும் படையினர் பெருமளவிற் செய்வதற்குத் தெரிந்தெடுத்தது, இருபுறமும் ஒத்த போக்கே-வுல்ப் 189 விமானத்தையே.

அமெரிக்காவில் சார்ள்ஸ் சிமர்மன் என்பவர் இறக்கையையே திரித்தார். இறக்கையின் நுனியில் கீழ்க்காற்று சுழன்று மேலே ஏறும். அந்தச் சுழல் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். பெரிய விசிறிகளை நுனிகளில் வைத்து, அந்தச் சுழலுக்கு எதிர்த்திசையிற் சுழலவிட்டால் இழுவை குறையும். இறக்கை நீளமாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை என்பது அவர் வாதம். அவ்வாறு பிறந்த விமானம் ஏறத்தாழ ஒரு தோசை வடிவிலிருந்தது. அமெரிக்கர்கள் தமது பலகாரமொன்றின் பெயரால் அதைப் 'பறக்கும் பான்கேக்' என்றார்கள். மரத்தாலும் துணியாலும் செய்யப்பட்ட வி-173 என்ற முதல் விமானம் 1942 நவம்பர் 23ஆந் திகதி பறந்தது. மிக மெதுவாகப் பறக்கவும், குறுகிய இடத்தில் எழவும் இறங்கவும் அதனால் முடிந்தது. கப்பற்படைக்கு அதுவே தேவையாயிருந்தது. ஆனால் அதனை அடியொற்றி உலோகத்தாற் செய்த போர் விமானம் பறக்குமுன்னரே ஜெட் யுகம் வந்துவிட்டது. 1947இல் திட்டத்தை நிறுத்தினார்கள். அந்த விமானத்தின் உடல் எவ்வளவு உறுதியாக இருந்ததென்றால், அதை உடைப்பதற்குக் கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டை மோதவேண்டியிருந்தது. ஒருபோதும் பறக்காத ஒன்று, உடையவும் மறுத்தது.

இனிக் கெடுதல். ஜக் நோர்த்ரொப் என்ற அமெரிக்கரின் வாழ்நாள் முழுவதையும் ஒரேயொரு எண்ணம் ஆட்கொண்டிருந்தது. விமானத்தைத் தூக்குவது இறக்கை. உடலும் வாலும் இறக்கைமேல் ஏறிய சுமைகள். அவற்றை நீக்கி, இறக்கையை மட்டும் பறக்கவிட்டால் என்ன? 1940இல் சிறிய அளவிற் செய்து பார்த்தார். 1946இல் 172 அடி அகலமான எக்ஸ்.பி.-35 என்ற குண்டுவீச்சு விமானம் எழுந்தது. 1947 ஒக்டோபரில் அதன் ஜெட் வடிவமான வை.பி.-49 பறந்தது. வாலில்லாத விமானத்தை நிலைகுலையாமல் வைத்திருப்பது விமானிகளுக்குப் பெரும் பாடாயிற்று. 1948 ஜூன் 5ஆந் திகதி வை.பி.-49 விமானமொன்று விழுந்து, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவரான கிளென் எட்வேர்ட்ஸின் பெயரையே கலிபோர்னியாவின் எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1949இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எஞ்சியவையும் வெட்டி உடைக்கப்பட்டன. நோர்த்ரொப் 1952இல் தமது நிறுவனத்தை விட்டு விலகினார்.

கதை அங்கே முடியவில்லை. 1980இல், முதுமையாலும் நோயாலும் தளர்ந்திருந்த நோர்த்ரொப்பை அதே நிறுவனத்துக்கு அழைத்துச் சென்று, இரகசியமாகத் திட்டமிடப்பட்டுக்கொண்டிருந்த புதிய விமானத்தின் மாதிரியுருவைக் காட்டினார்கள். வாலுமில்லை, உடலுமில்லை, இறக்கை மட்டுமே. றேடாருக்குத் தெரியாமற் பறக்கவேண்டும் என்ற புதிய தேவைக்கு அந்தப் பழைய வடிவமே பொருந்தியது. அன்று விமானிகளின் கைகள் திணறிய வேலையை இப்போது கணினிகள் கணத்துக்குக் கணம் செய்யும். மறு ஆண்டு பெப்ரவரியில் அவர் காலமானார். பி-2 என்ற அந்த விமானம் 1989 ஜூலை 17ஆந் திகதி பறந்தது. அதன் அகலமும் 172 அடியே. ஒரு மனிதனின் நம்பிக்கை நாற்பது ஆண்டுகள் கழித்து மெய்ப்பட்ட இந்த வரலாற்றை வாசிக்கும்போது எனக்கு ஒரு காவியத்தின் இறுதிப்படலத்தை வாசிப்பது போலிருக்கும்.

நேயர்களே, இங்கேதான் என் உவகை தடைப்படுகிறது. 1999 மார்ச் மாதம் யூகோஸ்லாவியா மீது நடந்த தாக்குதலில் பி-2 முதன்முறையாகக் குண்டுபோட்டது. அதற்குப் பின்னரும் வேறு நாடுகளிற் போட்டிருக்கிறது. கொப்லினையும் பறக்கும் பான்கேக்கையும் நான் மனக்குறை இல்லாமல் இரசிக்க முடிகிறது. அவை எவர்மீதும் குண்டு போடவில்லை. தோற்று, நூதனசாலைக்கோ குப்பைக்கோ போயின. நோர்த்ரொப்பின் கனவோ வென்றது. வென்றமையால் அது கொன்றது.

யுத்த காலத்தில் வடக்கிலே சிறுவராக இருந்த எமக்கு விமானம் முதலில் ஓர் ஒலியாகத்தான் அறிமுகமாயிற்று. உருவம் கண்ணிற் படுமுன் இரைச்சல் காதில் விழும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளும் இரைச்சலைக் கொண்டு இன்ன விமானம் என்று சொன்னார்கள். "பொம்பர் வருது" என்று ஒரு குரல் கேட்டால், திறந்த புத்தகம் திறந்தபடி கிடக்கப் பதுங்குகுழிக்கு ஓடினோம். இந்தப் பின்னணியில் என்னுடைய பொழுதுபோக்கு உறவினர் சிலருக்குப் புதிராக இருப்பதில் வியப்பில்லை. என் பெரியம்மா ஒருநாள் மேசையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, உதுகளின்ரை படத்தை ஏன் வைச்சிருக்கிறாய்? எனக்குப் பார்க்கவே சத்தம் கேட்குது" என்றார். விமர்சன நூல் எதுவும் இரசனை பற்றி இவ்வளவு கூர்மையான கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

நமது காவியங்களிலும் பறக்கும் பொறி உண்டு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்ற அரசன் தன் மனைவி விசயைக்காக மயிற்பொறி செய்விக்கிறான். அமைச்சன் கட்டியங்காரன் துரோகஞ் செய்து அரண்மனையை வளைத்தபோது, கருவுற்றிருந்த விசயை அந்த மயிலேறித் தப்புகிறாள். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். நம் முன்னோர் விமானம் கட்டினர் என்று வாதிடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அது கவிஞனின் கற்பனை. அந்தக் கற்பனையில், பறப்பது எதற்கு என்பதே என் கவனத்துக்குரியது. ஆயுதங்கள் சூழ்ந்த வேளையில், ஒரு தாயையும் பிறக்காத பிள்ளையையும் அப்பாற் கொண்டுசேர்ப்பதற்காக அந்த மயில் பறந்தது.

ஆகவே, இந்த இரசனையை விட்டுவிடுவதா? விடவேண்டியதில்லை என்பதே என் எண்ணம். விளங்காததை விளங்கிக்கொள்ள முயலும் மனம் நல்லது. ஏன் ஒருபக்கக் கூடு, ஏன் வாலில்லை என்று கேட்கப் பழகியவன், பிறர் சிரிக்கும் எதையும் எளிதில் ஒதுக்கமாட்டான். தோற்றவர்களின் உழைப்பையும், பரீட்சித்துப் பார்க்கப் போய் உயிர்விட்டவர்களின் துணிவையும் மதிக்கக் கற்றுக்கொள்வான். வகுப்பிலே மாணவன் ஒருவன் வழமைக்கு மாறாக எழுதும்போது, அடித்துத் திருத்துமுன் "இதை ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்கும் பொறுமை எனக்கு ஓரளவு வாய்த்திருக்கிறதென்றால், அதில் இந்த விமானங்களுக்கும் பங்குண்டு.

ஆனால் பாதியில் நிற்கும் இரசனை போதாது. புணர்ச்சி இலக்கணத்தில் நிலைமொழியை மட்டும் வைத்து விகாரத்தை விளக்க முடியாது. வருமொழி எதுவென்றும் பார்க்கவேண்டும். விமானத்தை நிலைமொழி என்று கொண்டால், அது போய்ச் சேரும் இடந்தான் வருமொழி. அதன் கீழே உள்ள மண்ணும், அந்த மண்ணிலே அண்ணாந்து பார்த்து நிற்கும் மனிதர்களும் அந்த வருமொழிக்குள் அடங்குவர். வடிவத்தின் நுட்பத்தைச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்வோமானால், நமது இரசனை முழுமையடையும். அவர்களை விட்டுவிட்டுச் சொல்லும் புகழ்ச்சி, எவ்வளவு நுட்பமானதாயினும், பாதி வாக்கியமே.