கொத்துச் சாவி யார் கையில்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"உங்க துறையைப் பத்தி எல்லாருக்கும் புரியிற மாதிரி பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பார்ப்பது நெட்வொர்க் வேலை. அதைப் பராமரிப்பவர்கள் எந்தக் கட்டளையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று வரையறுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களை இணைப்பவை ஸ்விட்ச், ரவுட்டர் என்னும் பெட்டிகள். கட்டளைகளை டைப் செய்துதான் அவற்றிடம் வேலை வாங்குகிறோம். சிஸ்கோ பெட்டிகளில் அதிகாரத்துக்கு 0 முதல் 15 வரை படிகள் உண்டு. சாதாரணமாக நுழைபவர் 1-ஆம் படியில் நிற்பார். பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. 15-ஆம் படி ஏறினால் எல்லாம் செய்யலாம். நடுப் படிகளைப் பல இடங்களில் யாரும் தொடுவதே இல்லை. வேலை நடக்கணுமே என்று நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் 15-ஐக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதில் என்ன ஆபத்து? இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே ஓடும் ட்ரங்க் இணைப்பில் எந்தெந்தப் பிரிவுகள் போகலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 30-ஆம் பிரிவைப் புதிதாகச் சேர்க்க, கட்டளையில் 'ஆட்' என்ற சொல் வர வேண்டும். அந்த ஒரு சொல் விட்டுப்போனால் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். 'நிச்சயமா?' என்று பெட்டி கேட்காது. மற்றப் பிரிவுகளின் போக்குவரத்து அந்த இணைப்பில் அந்த நொடியே நின்றுவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. 1990-களில் சிஸ்கோ உருவாக்கிய 'டாக்காக்ஸ் பிளஸ்' என்ற முறை, 2020-ல் ஆர்.எஃப்.சி. 8907 என்ற எண்ணில் வெளியிடப்பட்டது. இதன்படி, ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றும் முன்பு பெட்டி ஒரு மைய சர்வரைக் கேட்கும்: 'இன்னார் இதைக் கொடுக்கிறார், விடலாமா?' ஒருவருக்கு 'ஷோ' கட்டளைகளை அனுமதித்து, பெட்டியையே மறுபடி துவக்கும் 'ரீலோட்' கட்டளையை மறுக்கலாம். 'ஆட்' இல்லாத அந்தக் கட்டளையையும் தடுத்து வைக்கலாம். யார், எப்போது, என்ன கொடுத்தார் என்பதும் பதிவாகும்.

"எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று அனுபவசாலிகள் கோபித்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் பத்துப் பேருக்கு ஒரே பாஸ்வேர்டு. ஓர் இரவு நெட்வொர்க் படுத்துவிட்டது. காலையில் எல்லாரும் கை காட்டியது இரவு ஷிஃப்டில் இருந்த இளைஞனை. "நான் தொடவே இல்ல சார்" என்றான். அவன் சொன்னதை மறுக்கவும் பதிவு இல்லை, நிரூபிக்கவும் பதிவு இல்லை. பழி மட்டும் அவனோடு தங்கிவிட்டது. தனித்தனிப் பெயரும் பதிவும் இருந்திருந்தால் அவனுக்கல்லவா முதல் பாதுகாப்பு!

காவலையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் உலகெங்கும் முடங்கியது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. அதைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே பிழை இருந்தது. அதே போல, அனுமதி தரும் சர்வரே எட்டாமல் போனால், பழுது பார்க்க வந்தவரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதற்கென்று பெட்டியிலேயே ஓர் அவசரக் கணக்கு வைத்து, பாஸ்வேர்டை முத்திரையிட்ட உறையில் பூட்டி வைக்க வேண்டும்.

நம்மில் பலர் ஆலையும் ஆஸ்பத்திரியும் அலுவலகமும் நடத்துகிறீர்கள். திங்கட்கிழமை உங்கள் நெட்வொர்க் ஆட்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆளுக்கொரு பாஸ்வேர்டு இருக்கிறதா? கொடுத்த கட்டளை பதிவாகிறதா? அவரவர் வேலைக்கு வேண்டிய கட்டளைகள் மட்டும்தான் அவரவர் கையில் இருக்கின்றனவா?