கழற்றுமுன் இடும் கோடு

புறக்கோட்டைக்கு அணித்தேயுள்ள பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போனது. 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை ஏறத்தாழ ஐந்தாண்டு நீடித்தது. அக்காலத்தே பழைய வானைப் பேணுவதே பலர்க்கும் வழியாயிற்று; வீட்டு முற்றம் சிலர்க்குப் பட்டறையாயிற்று.

நான்கு சில்லுகளும் இழுக்கும் வானில், சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்வது புரொப்பெல்லர் தண்டு. அதன் இருமுனைகளிலும் யூனிவர்சல் மூட்டுகள் உள. சாய்ந்து சுழலும் மூட்டு, ஒரு சுற்றிலேயே இருமுறை விரைந்து இருமுறை தளரும். மற்ற மூட்டு அதனை ஈடுசெய்யும். அதற்குத் தண்டின் இரு கவைகளும் நேர்ப்பட நிற்றல் வேண்டும். பூட்டுகையில் ஒரு பல் மாறினும் வண்டி அதிரும். ஆதலின், கழற்றுமுன்னரே வர்ணத்தாற் கோடிட்டு வைப்பவன் பின்னர்த் தடுமாறான்.

தண்டு கழன்றபின் கியர் வண்டியைத் தடுத்து நிறுத்தும் என நம்பலாகாது. சில்லுகளுக்குக் கட்டை வைத்த பின்னரே கீழே புகுதல் வேண்டும். தண்டைப் பின்னரும் வாங்கலாம்; உயிரை வாங்க இயலாது.